கிரீஸ் பூசி மூழ்கடித்த கப்பல்: தாங்கனிக்கா ஏரியின் ரயில்வே நீராவிக் கப்பல் பற்றிய நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

முதல் உலகப் போரின் நடுவே, 1916 ஜூலை 26 அன்று கிழக்காப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில், ஒரு ஜெர்மன் ரயில்வே கம்பெனிக்குச் சொந்தமான நீராவிக் கப்பலை அதன் ஆட்களே மூழ்கடித்தார்கள். 1924இல் அது மீண்டும் மேலே வந்தது. எஞ்சின்களும் பாய்லர்களும் பயன்படும் நிலையில் இருந்தன. 1927இல் அதே எஞ்சின்களோடு, இன்னொரு ரயில்வேயின் கப்பலாக ஓடத் தொடங்கியது. கட்டியபோது அதன் பெயர் 'கிராஃப் ஃபோன் கோட்ஸன்', பின்னர் 'லியெம்பா'.

இந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாப் பெருமையையும் கிரீஸுக்கே கொடுத்துவிடுகிறார்கள். கிரீஸ் மட்டும் அதைக் காப்பாற்றவில்லை என்பதே இந்த ஆய்வின் முடிவு. எங்கே, எப்படி, எவ்வளவு மெதுவாக மூழ்கடித்தார்கள், அதை யார் செய்தார்கள், ஏரியின் தண்ணீர் எப்படிப்பட்டது ஆகிய எல்லாம் சேர்ந்துதான் காப்பாற்றின. சம்பந்தப்பட்ட ஊழியர்களைப் பெயர் சொல்லாமல், செய்த வேலையை வைத்தே குறிப்பிடுகிறோம்.

பின்னணி: ரயிலில் வந்த கப்பல்

அன்றைய ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவில் (பெரும்பகுதி இன்றைய தான்சானியா), கடற்கரை நகரமான தார் எஸ் சலாமிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் பாதை சுமார் 1,250 கிலோமீட்டர் ஓடி, 1914 தொடக்கத்தில் ஏரிக்கரையிலுள்ள கிகோமாவை எட்டியது. ஏரியோ வடக்கு தெற்காக 670 கிலோமீட்டருக்கு மேல் நீளம். எதிர்க்கரை பெல்ஜியக் காங்கோ, தென்முனை பிரிட்டிஷ் வடக்கு ரொடீசியா. கரையோரச் சரக்கை ரயிலடிக்குக் கொண்டுவந்து சேர்க்கக் கப்பல் இல்லையென்றால் பாதை கிகோமாவோடு முட்டி நின்றுவிடும். அதனால் கிழக்காப்பிரிக்க ரயில்வே கம்பெனியே கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தது. சரக்கும் பயணிகளும் ஏற்றும் இரட்டைப் புரொப்பெல்லர் கப்பல். நீளம் சுமார் 71 மீட்டர், அகலம் சுமார் 10 மீட்டர்.

கடலிலிருந்து ஏரிக்குக் கப்பல் போகும் வழி கிடையாது. ஏரியே கடல் மட்டத்துக்கு 770 மீட்டருக்கு மேலே கிடக்கிறது. ஆகவே ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் உள்ள மையர் கப்பல் கட்டும் தளத்தில் 1913இல் கட்டி, கழற்றி, சுமார் 5,000 பெட்டிகளில் அடைத்து தார் எஸ் சலாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ரயிலில் கிகோமா.

இப்படிப் பெட்டியில் போகும் கப்பலைக் கட்டும் முறை வேறு. முதல் தடவை தகடுகளையும் சட்டங்களையும் போல்ட் போட்டு இணைத்து, துளைகள் ஒன்றோடொன்று சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் இலக்கம் அடித்துக் கழற்றுவார்கள். ரிவெட் அடிப்பது கடைசி இடத்தில்தான். அங்கே உலையில் பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகி, ஒருவர் பின்னால் கனமான இரும்பை முட்டுக் கொடுக்க, மற்றவர்கள் முன்னால் அடித்துத் தலை கட்டுவார்கள். பிறகு தகட்டின் விளிம்பை உளியால் தட்டி நசுக்கி நீர் புகாமல் அடைப்பார்கள். துண்டாக்க முடியாதது பாய்லர் ஒன்றுதான். ரயில் வேகனும் வழியிலுள்ள பாலமும் தாங்கும் அளவுக்குள் அது இருக்க வேண்டும். ஒரு பெட்டி தொலைந்தாலும் அந்தத் துண்டு ஐரோப்பாவிலிருந்து மறுபடி வந்தாக வேண்டும்.

வேலையை மேற்பார்க்கத் தளத்திலிருந்தே மூன்று கப்பல் கட்டுநர்கள் கிகோமாவுக்கு வந்தார்கள். கப்பல் 1915 பிப்ரவரி 5 அன்று நீரில் இறங்கியது. அதற்குள் போர் தொடங்கியிருந்தது. சரக்குக்காகக் கட்டிய கப்பலில், ருஃபிஜி டெல்டாவில் கைவிடப்பட்ட 'கோனிக்ஸ்பர்க்' போர்க்கப்பலின் 105 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று ஏறியது. ஏரியைக் கடந்து படைகளையும் தளவாடங்களையும் கொண்டுபோவது அதன் வேலையாயிற்று.

1916 ஜூலையில் இருந்த நிலை

அதற்குள் ஏரியிலிருந்த சிறிய ஜெர்மன் கப்பல்கள் போய்விட்டன: 'கிங்கானி' 1915 டிசம்பரில் பிடிபட்டது, 'ஹெட்விக் ஃபோன் விஸ்மன்' 1916 பிப்ரவரியில் மூழ்கடிக்கப்பட்டது. ஜூனில் பெல்ஜியக் கடல் விமானங்கள் கிகோமாவில் குண்டு போட்டன. பெரிய பீரங்கியும் கப்பலிலிருந்து இறங்கி வேறு போர்முனைக்குப் போயிருந்தது. தரைவழியாகப் பெல்ஜியப் படை நெருங்க, கிகோமாவைக் காலி செய்ய உத்தரவு வந்தது.

கப்பலை ஓட்டிக்கொண்டு தப்ப இடமில்லை. மேற்கிலும் தெற்கிலும் எதிரிக் கரை. ஏரியிலிருந்து வெளியேறும் லுகுகா ஆற்றில் இந்த அளவுக் கப்பல் இறங்க முடியாது. ரயிலிலும் ஏற்ற முடியாது: 5,000 பெட்டியாகப் பிரிக்க மாதங்கள் வேண்டும், ரிவெட் தலைகளை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். எதிரியின் கையில் கப்பல் சிக்கக் கூடாது என்பது மட்டுமே உத்தரவு.

முடிவு: அழிப்பதா, ஒளிப்பதா

எதிரிக்குக் கிடைக்காமல் செய்ய எளிய வழி வெடி. பாய்லருக்கு அடியிலும் எஞ்சின் படுகைக்கு அடியிலும் வைத்தால் போதும், அந்தக் கப்பல் இனி கப்பல் இல்லை. அதற்குச் சில மணி நேரமே பிடிக்கும். படை பின்வாங்கும் அவசரத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

மூழ்கடிக்கும் பொறுப்பு வந்தது அந்த மூன்று கட்டுநர்களிடம். திரும்பத் தூக்கலாம் என்ற எண்ணத்தோடு மூழ்கடிப்பது என அவர்கள் முடிவு செய்தார்கள். எஞ்சின்கள் முழுவதும் கனமாகக் கிரீஸ் பூசினார்கள். கப்பலில் மணல் ஏற்றினார்கள். மலகராசி ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்கு வெளியே, சுமார் 20 மீட்டர் ஆழத்தில் மெதுவாக இறக்கினார்கள்.

உத்தரவின் நோக்கம் இதிலும் நிறைவேறியது. எதிரிக்கு அன்று கப்பல் கிடைக்கவில்லை. ஆனால் வெடி வைத்தால் திரும்பப் பெற முடியாத ஒன்று, இந்த வழியில் தங்களுக்கோ வேறு யாருக்கோ மிச்சமாகும். தொழிலாளியின் கையில் முடிவை விட்டால் என்ன வித்தியாசம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கப்பல் வரலாற்றில் அரிது. எந்தத் துண்டு எந்தப் பெட்டியில் வந்தது என்று அறிந்தவர்கள் அவர்கள். அதை இன்னொரு தடவை கொண்டுவர என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கிரீஸும் மணலும் செய்த வேலை

நீராவி எஞ்சினில் துருவுக்கு முதல் பலி, பளபளவென்று கடைந்து விட்ட பாகங்கள்: பிஸ்டன் தண்டு, கிராங்க் முனைகள், வால்வுத் தண்டுகள், வழிகாட்டிப் பட்டைகள். பெயிண்ட் இல்லாத எஃகு. பிஸ்டன் தண்டில் அரை மில்லிமீட்டர் குழி விழுந்தாலும் அது ஏறி இறங்கும்போது, தண்டைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்கும் பேக்கிங்கைக் கிழிக்கும், நீராவி கசியும். வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவர் குழிந்தால் மறுபடி கடைந்து, பெரிய வளையம் போட வேண்டும். ஆகவே கிரீஸ் போக வேண்டிய இடங்கள் இவைதான். ஓடாமல் நிறுத்தி வைக்கும் கப்பல்களில் இந்த இடங்களுக்கு வெள்ளை ஈயமும் மாட்டுக் கொழுப்பும் குழைத்துப் பூசுவது அந்தக் காலத்து வழக்கம்.

பூசுவதில் தவறக்கூடிய இடங்கள் உண்டு. நெருப்பை முந்தின நாளே இறக்கி, உலோகம் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது பூசினால் கிரீஸ் இளகி வடிந்துவிடும். ஈரத்தின்மேல் பூசினாலோ அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுத் துரு வேலையைத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் மட்டும் பூசுவது பொதுவான கோளாறு. எஞ்சினைக் கையால் அரைச் சுற்று திருப்பினால்தான் அதுவரை பேரிங்குக்குள் ஒளிந்திருந்த பக்கம் வெளியே வரும்.

மணலின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. கப்பலுக்குள் தண்ணீரை விட்டால் அது நேராக மூழ்காது. பாதி நிரம்பிய அறையில் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும், கப்பல் அந்தப் பக்கம் சாயும், சாய்ந்ததால் இன்னும் தண்ணீர் ஓடும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அகலம் 10 மீட்டர், நீளம் 12 மீட்டர் உள்ள ஒரே ஒரு அறையில் தண்ணீர் தளும்பி நின்றால், நீளத்தை அகலத்தின் மும்மடியால் (10 × 10 × 10) பெருக்கி 12ஆல் வகுக்க 1,000 வரும். கப்பல் இடம்பெயர்க்கும் நீர் சுமார் 1,500 கன மீட்டர் என்று கொண்டால், கப்பலைத் திரும்ப நிமிர்த்தும் உயரத்தில் 0.65 மீட்டருக்கு மேல் குறையும். இந்த அளவுக் கப்பலுக்கு மொத்தமாக இருப்பதே ஒரு மீட்டர் அளவில்தான். இரண்டு அறையில் தளும்பினால் கப்பல் புரண்டுவிடும்.

புரண்டு கிடக்கும் கப்பலில் எஞ்சின் படுகை முறுக்கும், புகைபோக்கியும் மேல்கட்டும் முறியும், குழாய் இணைப்புகள் பிய்யும். பிறகு கிரீஸ் இருந்து என்ன பயன்? மணலோ தளும்பாது. அடியில் கனமாக உட்கார்ந்து, கப்பலை நிமிர்ந்த நிலையில் கீழே கொண்டுபோகும், கீழேயும் அசையாமல் பிடித்து வைக்கும். அதோடு, தேவைப்பட்டால் அள்ளி வெளியே கொட்டலாம்.

20 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு வளிமண்டலம். வெறுமையாக மூடிய தட்டைச் சுவர்த் தொட்டி அதில் நசுங்கும். திறந்து நிரப்பிவிட்டால் நசுங்காது. பாய்லரின் உருளைக்கு அந்த அழுத்தம் பெரிதல்ல.

ஏரி நீர் செய்த உதவி

கடலில் மூழ்கியிருந்தால் இந்த நிகழ்வு வேறு விதமாக முடிந்திருக்கும். உப்பு நீரில் வெண்கல வால்வும் எஃகுத் தகடும் சேர்ந்திருக்கும் இடத்தில் எஃகு வேகமாகக் கரையும். கப்பல் புழு மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கும். தாங்கனிக்கா நன்னீர் ஏரி, புழு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. தாங்கனிக்காவின் மேல்நீர் காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். 9ஐ ஒட்டி இருக்கும். பாய்லரை நீண்டகாலம் நிறுத்தி வைக்கும் பொறியாளர் அதற்குள் சோடா கலந்த நீரை நிரப்பி வைப்பதும் இதற்காகத்தான்: காரநீரில் இரும்பு மெதுவாகவே துருப்பிடிக்கும். ஏரி தானாகவே அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்தது. ஆனால் 20 மீட்டர் ஆழம் பிராணவாயு நிறைந்த மேலடுக்குக்குள்தான் வருகிறது. அதனால் நீர் மட்டும் போதாது, கிரீஸும் தேவைப்பட்டது. எஞ்சின் அறைக்குள் நீரோட்டம் இல்லாததால் பூசியது கழுவிப் போகவில்லை.

முதல் முறை தூக்கியதும், இரண்டாம் முறை மூழ்கியதும்

போருக்குப் பின் பெல்ஜியர்கள் கப்பலைத் தூக்கிக் கிகோமாவுக்கு இழுத்து வந்தார்கள். துறைமுகத்திலேயே, 1920இல், அது மறுபடி மூழ்கியது. இந்த முறை மணலும் இல்லை, திட்டமும் இல்லை.

தூக்கிய கப்பல், மூழ்கிக் கிடக்கும் கப்பலைவிட ஆபத்தில் இருக்கிறது. கீழே கிடக்கும்போது உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். மேலே வந்ததும் தளர்ந்த ஒவ்வொரு ரிவெட்டும், விளிம்படைப்பு விட்ட ஒவ்வொரு இணைப்பும் உள்ளே தண்ணீரை விடும். வால்வுகள் முழுதாக மூடினவா என்று தெரியாது. சேறு பம்பின் வாயை அடைக்கும். ஓர் இரவு பம்பு நின்றால் மேலே சொன்ன தளும்பல் கணக்கு தொடங்கிவிடும். இதோடு தாங்கனிக்காவில் காற்று எழும்பினால் கடல் போலவே அலை வரும். இவ்வகைக் கப்பலை மிதக்க வைத்த அன்றே ஆழமில்லாத மணற்கரையில் ஏற்றி உட்கார வைப்பது நல்லது. அதன் பிறகு ஒவ்வொரு வால்வுக்கும் அடைப்பு வைத்து, அறை அறையாக உலர்த்த வேண்டும். மிதந்தபடி கட்டிப் போட்டு ஒரு காவலாளியை நிறுத்துவது போதாது.

துருவின் கணக்கிலும் இது மோசமான கட்டம். நனைந்த எஃகு காற்றில் பட்டதும் சில மணி நேரத்திலேயே சிவக்கும். எட்டாண்டுகளில் எஞ்சினுக்குப் பெரிய சோதனை இந்த இடைவெளியாகவே இருந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

1924 முதல் 1927 வரை

1921இல் கிகோமா பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு வந்தது. தாங்கனிக்கா ரயில்வேக்கு முன்னால், 1913இல் ஜெர்மன் கம்பெனிக்கு இருந்த அதே கேள்வி: பாதையின் முனையில் கப்பல் இல்லை. புதிய கப்பல் என்றால் மறுபடி ஐரோப்பியத் தளம், பெட்டிகள், 1,250 கிலோமீட்டர் ரயில், ரிவெட் உலை. துறைமுகத்தின் அடியிலோ கட்டி முடித்த கப்பல் ஒன்று கிடக்கிறது.

பிரிட்டிஷ் கடற்படை ஆட்கள் 1924 மார்ச் 16 அன்று அதைத் தூக்கினார்கள். திறந்து பார்த்தபோது எஞ்சின்களும் பாய்லர்களும் பயன்படும் என்று தெரிந்தது. அந்தக் கண்டுபிடிப்புதான் ரயில்வேயின் கணக்கைத் தீர்த்தது. உடல் மட்டும் நன்றாக இருந்து எஞ்சின் போயிருந்தால், உடைத்து விற்பதே லாபம்.

இப்படி நீரிலிருந்து வந்த எஞ்சினை ஓட்டத்துக்குக் கொண்டுவருவதில் வரிசை முக்கியம். முதலில் சேற்றை நன்னீரால் கழுவ வேண்டும். பழைய கிரீஸை உடனே துடைக்கக் கூடாது. பார்க்கப் போகும் பாகத்தில் மட்டும் மண்ணெண்ணெயால் கரைத்து, பார்த்து முடித்ததும் புதிதாகப் பூச வேண்டும். சிலிண்டர் மூடிகளைத் திறக்காமல் எஞ்சினைத் திருப்பவே கூடாது. உள்ளே ஒரு கைப்பிடி மணல் இருந்தால் முதல் சுற்றிலேயே சுவரைக் கீறிவிடும். மணல் ஏற்றி மூழ்கடித்த கப்பலில் இந்தப் பயம் இரட்டிப்பு. பாய்லரைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பார்கள்: கணீரென்றால் தகடு நல்லது, மொத்தென்றால் அங்கே துளையிட்டுத் தடிமன் பார்ப்பார்கள். அதன்பின் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் சோதனை. பேக்கிங், கேஸ்கட், மரத்தளம், நீராவியைத் திரும்ப நீராக்கும் கன்டென்சரின் குழாய்கள் ஆகியவற்றைப் பழையதை நம்பி விடுவதில்லை.

1927 மே 16 அன்று கப்பல் 'லியெம்பா' என்ற பெயரில் சேவைக்கு வந்தது. லியெம்பா என்பது ஏரியின் பழைய பெயர்.

ஓட்டத்தில்

கிகோமாவிலிருந்து தெற்கே இன்றைய சாம்பியாவின் ம்புலுங்கு வரை போய்த் திரும்புவது அதன் நிரந்தர வேலையாக இருந்தது. வழியிலிருந்த பெரும்பாலான ஊர்களில் கப்பல் துறை இல்லை. கப்பல் கரைக்கு வெளியே நின்று சங்கு ஊதும். கரையிலிருந்து மரப்படகுகள் முட்டி மோதி வந்து விலாவை ஒட்டிக்கொள்ளும். கருவாடாகக் காய்ந்த 'டகா' எனும் சின்ன மீன் மூட்டைகள், சோளம், அன்னாசி எல்லாம் பக்கவாட்டு வாசல் வழியே கைமாறி ஏறும். கனமானவை கிரேனில் வலையோடு தூக்கப்படும். படகு அலையில் உயர்ந்து தாழ்வதால், மூட்டை படகின் உச்சத்தில் இருக்கும் நொடியிலேயே மேலே இழுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் வலை தளர்ந்து, படகு கீழே போகும்போது திடீரென்று வெட்டி இழுக்கும்.

உடைமை தாங்கனிக்கா ரயில்வேயிடமிருந்து 1948இல் கிழக்காப்பிரிக்க ரயில்வே மற்றும் துறைமுகங்கள் நிர்வாகத்துக்கும், 1977இல் தான்சானியா ரயில்வேக்கும் மாறியது. 1970களில் கிகோமாவிலேயே நீராவி எஞ்சின்களைக் கழற்றி டீசல் வைத்தார்கள். கிரீஸுக்குள் இருந்து வெளிவந்த பிறகு, அந்த எஞ்சின்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்திருந்தன. பாப்பன்பர்க்கில் இலக்கம் அடித்த உடலோடு கப்பல் தொடர்ந்து ஓடியது. 2015 மே மாதம் புருண்டியிலிருந்து தப்பி வந்த அகதிகளை ஏரிக்கரையின் ககுங்காவிலிருந்து கிகோமாவுக்கு ஏற்றி வந்ததும் அதே உடல்தான்.

இன்று இதே நிலை வந்தால் மாற்ற வேண்டியவை

மூன்று பேரின் தலைக்குள் இருந்த விவரத்தை எழுதி, நீர் புகாத பெட்டியில் எஞ்சின் அறையிலேயே வைக்க வேண்டும்: எந்த வால்வு திறந்தது, எது மூடியது, மணல் எந்த அறையில் எத்தனை டன், கிராங்க் எந்த நிலையில் நின்றது. தூக்குகிறவர் எதிரியாகவே இருந்தாலும் அந்தத் தாள் கப்பலைக் காப்பாற்றும். மணலை மூட்டை கட்டி அடுக்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் எண்ணெய் நிரப்பி, நீராவி வழிகளை மரக்கட்டையால் அடைக்க வேண்டும். தூக்குவதற்கான கயிறு கோக்கும் இடங்களை மூழ்கும் முன்பே தயார் செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கும் நாளுக்குரிய பம்புகளும் கரையேற்றும் இடமும் தயாராகும் வரை கப்பலைக் கீழேயே விட்டு வைக்க வேண்டும். 1920இல் நடந்தது நடக்காமல் இருந்திருந்தால், லியெம்பா சில ஆண்டுகள் முன்னதாகவே சரக்கு ஏற்றத் தொடங்கியிருக்கும்.